அன்ரியின் வெள்ளைக்காரச் சிப்பாய்

அந்தக் கல்லறைக் கல் ஒரு பக்கம் சரிந்து நிற்கும். எழுத்துகளுக்குள் பாசி ஏறியிருக்கும். சிட்னிக்கு மேற்கே பழைய சேமக்காலை ஒன்றில் நான் புல் வெட்டிய காலத்தில், என்னோடு களை பிடுங்கிய அன்ரி தினமும் அந்தக் கல்லடியில்தான் வேலையைத் தொடங்குவார். அவருடைய மகன் பத்தொன்பது வயதில் இயக்கத்துக்குப் போனவன். இலங்கையில் போர் முடிந்த பிறகும் அவனைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. கல்லுக்குக் கீழே கிடந்தவனுக்கும் அதே வயதுதான்.

அவனுடைய கதையை எங்கள் மேற்பார்வையாளர் ஒருநாள் தேநீர் வேளையில் சொன்னார். எனக்கு விளங்கிய அளவில் அன்ரிக்குத் தமிழில் சொன்னேன். ஏறக்குறைய இருநூறு வருடத்துக்கு முன்னம் அயர்லாந்தில் ஒரு கூலிக்காரனின் பிள்ளை. சாப்பாட்டுக்கு வழியில்லாமல் பட்டாளத்தில் சேர்ந்து, இங்கே நாடுகடத்தப்பட்ட கைதிகளுக்குக் காவலாகக் கப்பலில் வந்திறங்கியவன். அவர்கள் வீதிக்குக் கல் உடைக்க, இந்த வெயிலில், கம்பளியில் தைத்த சிவப்புக் கோட்டோடு துவக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். சண்டை ஒன்றையும் கண்டதில்லை. காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. கூட இருந்த சிப்பாய்கள்தான் கல்லை நட்டார்களாம்.

"தாய்க்கு ஆர் சொன்னது?" என்று மட்டும் அன்ரி கேட்டார். கடிதம் கப்பலில் போய்ச் சேர ஆறு மாதமாவது ஆகியிருக்கும் என்றார் மேற்பார்வையாளர்.

"அப்ப அந்த ஆறு மாசமும் தாய்க்கு அவன் உயிரோடதானே இருந்தவன்?" அன்ரி தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்தார். "எனக்கு இன்னும் கப்பல் வரேல்லை, தம்பி."

அதற்குப் பிறகு அந்தக் கல்லைச் சுற்றி அன்ரி ஒரு புல்லும் முளைக்க விட்டதில்லை. "உங்கட வெள்ளைக்காரப் பிள்ளை எழும்பிட்டாரோ, அன்ரி?" என்று பகிடி விடுவேன். "பேசாமல் மிசினைத் தள்ளு. பிள்ளையின்ர காதுக்குள்ள கத்தாதை" என்பார். ஆனால் பூவோ கற்பூரமோ அங்கே வைத்ததில்லை. மகன் இறந்துவிட்டான் என்று அந்தியேட்டிச் சடங்கு செய்யச் சொன்ன சொந்தக்காரரோடு கதைப்பதையே விட்டுவிட்டவர் அவர். நான் வீடு வந்து தலை முழுகி, திருநீறு பூசி, விளக்கேற்றும்போது இரண்டு பிள்ளைகளுக்காகவும் கும்பிடுவேன். ஒருவனுக்கு மோட்சம் கேட்பேன். மற்றவனுக்கு என்ன கேட்பதென்று தெரியாமல், "முருகா, நீ அறிவாய்" என்று விட்டுவிடுவேன்.

போன மாதம் அன்ரி காலமானார். பென்டில் ஹில் வீட்டில் அவருடைய மகள் மரண அறிவித்தலைக் கணினியில் அடித்துக்கொண்டிருந்தாள். குடும்பத்தில் முன்னமே இறந்தவர்களின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவது எங்கள் வழக்கம். தகப்பனுக்குப் போட்டுவிட்டாள். அண்ணனின் பெயரில் கை நின்றது.

"அங்கிள், அண்ணாவுக்கு என்ன போடுறது? யூ டெல் மீ."

"அம்மா இருந்திருந்தால் போட விடுவாவே, பிள்ளை?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெறும் பெயரை அடித்தாள்.

அறிவித்தல் வெளிவந்த அன்றே கனடாவிலிருந்து தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் போன் எடுத்தார். "பேருக்கு முன்னால 'காலஞ்சென்ற' இல்லையே, மகன் கிடைச்சிட்டாரோ? கடவுளே! எங்கை இருக்கிறார்? கொள்ளி வைக்க வாறாரோ?"

ஸ்பீக்கரில் கேட்ட அந்தக் குரலில் இருந்த சந்தோசம் பொய்யில்லை. மகள் போனை என் கையில் தந்துவிட்டுக் குசினி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"இல்லை," என்றேன். "அவர் வரமாட்டார்."

தகனசாலையில், கொள்ளிக்குப் பதிலான பொத்தானை நான்தான் அழுத்தினேன்.