என் வீட்டுக் கதவுக்கு என்னைத் தெரியவில்லை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்து முப்பத்தைந்துக்கு, ஸ்ரீரங்கத்தில், நான் இருபது வருடம் தவணை கட்டி வாங்கிய ஃபிளாட்டின் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே டி.வி. ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெட்டியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"கதவைத் திற!"

பெட்டி பதில் சொன்னது. கதவைத் தாண்டித் தெளிவாகவே கேட்டது. தேன் ஒழுகும் குரல். "கண்டிப்பாக! முதலில் உங்கள் போனில் உறுதி செய்யுங்கள்."

போன் எங்கே? அந்தப் பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி, சார்ஜில் இருந்தது.

எனக்குப் பின்னால் மனைவி வசந்தி, கையில் அர்ச்சனைக் கூடையோடு. அவளுக்குப் பின்னால் மகள் நித்யா. பதினோரு மணிக்கு அவளுக்குக் கடைசி ரவுண்ட் இன்டர்வியூ. வீட்டிலிருந்தபடி, லேப்டாப்பில். லேப்டாப்பும் உள்ளேதான். எட்டு மாதமாக வேலை தேடுகிற பெண். நான்கு ரவுண்ட் தாண்டி இங்கே வந்திருந்தாள். இதுவும் போனால் என்ன ஆகும் என்பதை நாங்கள் மூன்று பேரும் பேசிக்கொள்வதே இல்லை.

இருபத்தைந்து நிமிடம் இருந்தது.

வீட்டை ஸ்மார்ட் ஆக்குவது எப்படி என்று கேட்டு வாசகர்கள் அவ்வப்போது எழுதுகிறீர்கள். சொல்கிறேன். ரொம்ப சுலபம். முதலில் பொறாமைப்பட வேண்டும்.

தில்லை நகரில் என் பெரியப்பா மகன் வீட்டு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். அவன் சோபாவில் சாய்ந்தபடி "ஹால் லைட்" என்றான். எரிந்தது. "ஃபேன் மெதுவா" என்றான். மெதுவானது. எனக்கு என் வீட்டில் "காபி" என்றால்கூட மூன்றாவது தடவைதான் பதில் வரும். விடுவேனா?

ஒரு பல்பும், நான் சொல்வதை அதற்கு எடுத்துச் சொல்ல அந்தப் பேசும் பெட்டியுமாக ஆரம்பித்தேன். எல்லா நிபுணர்களும் அதைத்தான் சொல்கிறார்கள்... சின்னதாக ஆரம்பியுங்கள். பதினாறு மில்லியன் நிறம் காட்டும் பல்பு. நாங்கள் வெள்ளையைத் தவிர வேறு எதையும் போடவில்லை. ஒரே ஒரு நாள் ஊதா போட்டேன். சாம்பார் பார்க்கவே பயமாக இருந்தது.

இந்த பல்புக்கு ஒரு குணம் உண்டு. சுவரில் இருக்கிற சுவிட்சை எப்போதும் ஆன் செய்தே வைத்திருக்க வேண்டும். அணைத்துவிட்டால் பல்புக்குக் காது கேட்காது. வசந்தியோ அறையை விட்டு வெளியே வரும்போது தூக்கத்தில்கூட சுவிட்சை அணைக்கிற வம்சம். எனவே சுவிட்சின் மேல் செல்லோ டேப் ஒட்டி 'தொடாதே' என்று எழுதினேன்.

"என்னங்க, லைட்டு போட சுவிட்ச் இருக்கு. அதைத் தொடக் கூடாதுன்னு டேப் ஒட்டிட்டு, அப்புறம் கத்தி லைட்டு போடறீங்க. இதுக்குப் பேரு வசதியா?"

தொழில்நுட்பம் தெரியாதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று பெரிய மனதோடு விட்டுவிட்டேன்.

பல்புக்குப் பிறகு பிளக். பிளக்குக்குப் பிறகு கீசர். நான் காவேரிப் பாலம் தாண்டும்போதே வீட்டில் வெந்நீர் தயாராக ஆரம்பிக்கும். மே மாதத் திருச்சியில் வெந்நீர் எதற்கு என்று கேட்காதீர்கள், நானும் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. அப்புறம் கேமரா, அப்புறம் தானாக மூடும் திரைச்சீலை. கடைசியாக, பத்து நாள் முன்பு, பூட்டு.

பூட்டா அது! போன் காட்டினால் திறக்கும். கட்டை விரல் வைத்தால் திறக்கும். எண்ணை அழுத்தினால் திறக்கும். கதவைச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். இத்தனையும் போதாதென்று, அவசரத்துக்கு என்று இரண்டு சாவிகளையும் தந்திருந்தார்கள். பூட்டு செய்தவனுக்கே அதன் மேல் முழு நம்பிக்கை இல்லை என்பது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

இங்கே எங்கள் எதிர் வீட்டு ஜெசிந்தா டீச்சரைச் சொல்ல வேண்டும். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார். மகள் மஸ்கட்டில். பதினோரு வருடமாக எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அவர் வீட்டு ஆணியில்தான் தொங்கியது, மாதா படத்துக்குப் பக்கத்தில். நாங்கள் ஊருக்குப் போனால் பால் பாக்கெட்டை எடுத்து வைப்பது, மழை வந்தால் உள்ளே புகுந்து ஜன்னலைச் சாத்துவது எல்லாம் அவர்தான். கேமரா இல்லை, ஆப் இல்லை. ஆனால் ஒரு நாள்கூட எங்கள் வீடு நனைந்ததில்லை.

புதுப் பூட்டு மாட்டிய அன்று வசந்தி சொன்னாள். "இதுல ஒரு சாவியை டீச்சர்கிட்ட குடுத்துடுங்க."

நான் சிரித்தேன். ஸ்மார்ட் பூட்டுக்கு எதிர் வீட்டுச் சாவியா? புதுச் சாவி இரண்டையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அதோடு நிறுத்தினேனா? டீச்சர் வீட்டுக்கே போய் பழைய சாவியையும் வாங்கிக்கொண்டேன். "இனிமே உங்களுக்குத் தொந்தரவே இல்ல டீச்சர். நாங்க முன்னேறிட்டோம். எல்லாம் போன்லயே முடிஞ்சுடும்" என்று ஒரு சொற்பொழிவு வேறு.

டீச்சர் ஆணியிலிருந்து சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "தொந்தரவுன்னு நான் எப்ப சார் சொன்னேன்?"

சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். இன்டர்வியூவுக்கு முன்னால் திருவானைக்காவல் போய் அகிலாண்டேஸ்வரியைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்றாள் வசந்தி. கோயிலுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கவுன்டரில் கொடுத்து டோக்கன் வாங்கலாம்தான். ஆனால் கொடுக்க ஒரு க்யூ, வாங்க ஒரு க்யூ. செவ்வாய்க்கிழமை அம்மன் கோயில் க்யூ எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? "போனை வீட்லயே வெச்சுட்டுப் போயிடலாம். சீக்கிரம் திரும்பிடலாம்." இந்த யோசனையைச் சொன்ன மேதை யார் என்று கேட்காதீர்கள்.

மூன்று போனையும் வரிசையாக சார்ஜில் போட்டேன். பக்தியோடு கதவைச் சாத்தினேன். க்ளிக். என்ன அழகான சத்தம்!

திரும்பி வந்து கதவு முன் நின்றபோதுதான் மண்டையில் உறைத்தது. பரவாயில்லை, கட்டை விரல் இருக்கிறதே? இருக்கிறது. திரைச்சீலை மோட்டாரை மாட்டும்போது கிழித்துக்கொண்டு, பிளாஸ்திரி போட்ட கட்டை விரல். பிளாஸ்திரியைப் பிய்த்துவிட்டு வைத்தேன். சிவப்பு லைட். அழுத்தி வைத்தேன். மறுபடி சிவப்பு, கூடவே ரத்தம்.

வசந்தி விரலை வைத்தாள். அதுவும் சிவப்பு. "எனக்கு ரேஷன் கடையிலயே விழாது. முப்பது வருஷமா பாத்திரம் தேய்ச்ச விரல்ல ரேகை எங்கேர்ந்து வரும்?" அவள் விரலைப் பதிவு செய்தபோதே ஏழு தடவை தகராறு. சரியாகிவிடும் என்று நான்தான் விட்டுவிட்டேன். நித்யாவின் விரலைப் பதிவே செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை செய்யலாம் என்று இரண்டு ஞாயிறாகத் தள்ளிப்போட்டிருந்தேன்.

"அப்பா, நம்பர்?"

நம்பர் வசதியை நானே அணைத்து வைத்திருந்தேன். திருடன் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பான் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். திருச்சி மாவட்டத்துத் திருடர்கள் அனைவரிடமிருந்தும் வீட்டைக் காப்பாற்றிவிட்டேன். எங்களிடமிருந்தும்தான்.

பெட்டியிடம் நான் கெஞ்சியது அப்புறம்தான். நித்யா திட்டியிருந்தால் தேவலை. அவள் படிக்கட்டில் உட்கார்ந்து கையைப் பிசைந்தாள். கண் கலங்கியிருந்தது. பெற்ற பெண்ணின் வேலையில் மண்ணைப் போட்டவன் என்று ஊர் சொல்வது இருக்கட்டும், நானே சொல்லிக்கொள்வேனே!

எதிர் வீட்டுக் கதவை வசந்திதான் தட்டினாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். பத்து நாள் முன்பு சொற்பொழிவு செய்தவன் எந்த முகத்தோடு முன்னால் நிற்பது?

டீச்சர் கதவைத் திறந்தார். எங்கள் மூன்று பேரையும், எங்கள் கதவையும் பார்த்தார். கணக்கு டீச்சர் இல்லையா, விடை வந்துவிட்டது. இன்டர்வியூ விஷயம் வசந்தி முன்பே சொல்லி அவருக்குத் தெரியும். நித்யாவிடம் திரும்பினார்.

"எத்தனை மணிக்குமா இன்டர்வியூ?"

"பதினொண்ணுக்கு டீச்சர்."

"பதினஞ்சு நிமிஷம் இருக்குல்ல, எதுக்கு அழுவுற? உள்ள வா. மூஞ்சியக் கழுவு."

மஸ்கட் மகளோடு பேசுவதற்காக டீச்சர் ஒரு லேப்டாப் வைத்திருந்தார். நித்யா தன் ஈமெயிலைத் திறக்கப் போனாள். அது என்ன கேட்டது தெரியுமா? 'உங்கள் போனில் உறுதி செய்யுங்கள்.' என் மகள் என் மகள்தான் என்பதற்கு அவள் சாட்சி போதாது... பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் போன் வந்து சொல்ல வேண்டும்!

"கம்பெனி ஆபீஸ் நம்பர் இருக்கும்ல? போன் பண்ணி, லிங்கை என் மெயிலுக்கு அனுப்பச் சொல்லு" என்றார் டீச்சர், தன் போனை நீட்டியபடி. நம்பரை அவர்கள் வெப்சைட்டில் தேடி எடுத்தோம். மூன்று தடவை அடித்தபின் ஒரு பெண் எடுத்தார். நித்யா ஒரே மூச்சில் நடந்ததைச் சொன்னாள். அந்தப் பெண் சிரித்துவிட்டார். லிங்க் வந்தபோது பதினொன்று அடித்து நான்கு நிமிடம்.

டீச்சர் கொடியில் காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு போனார். ஃபேன் சத்தம் போடுகிறது என்று அணைத்தார். நடந்து போய், சுவரில் இருக்கும் சுவிட்சில், கையால். நெற்றியில் விபூதி, தலையில் மல்லிகை, பின்னால் மாதா படம், திரையில் 'ஜெசிந்தா மேத்ஸ்' என்ற பெயர்... இந்தக் கோலத்தில் என் மகள் பேச ஆரம்பித்தாள். நாங்கள் மூன்று பேரும் சமையலறையில் மூச்சு விடாமல் நின்றோம். வியர்வை கொட்டியது. குக்கர் விசில் வந்துவிடக் கூடாதே என்று டீச்சர் அடுப்பையே அணைத்துவிட்டார். அன்று அவர் சாப்பிட இரண்டு மணி ஆகிவிட்டது.

பூட்டு என்ன ஆயிற்று? ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் குடையும் சாவியும் ரிப்பேர் பார்க்கிறவரைக் கூட்டி வந்தேன். பூட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு வளைந்த கம்பியை அவசரச் சாவி ஓட்டைக்குள் விட்டார். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வதற்குள் கதவு திறந்துவிட்டது.

"நல்ல பூட்டு சார்" என்றார் மரியாதையாக.

உள்ளே நுழைந்ததும் பெட்டி என்னை வரவேற்றது. கதவு திறந்ததுமே கீசர் வெந்நீர் போட ஆரம்பித்தது.

வீட்டை ஸ்மார்ட் ஆக்க நினைக்கும் நண்பர்களே, தாராளமாக ஆக்குங்கள். நான் ஒன்றும் பழைய பஞ்சாங்கம் இல்லை. பல்பு போடுங்கள், பூட்டு போடுங்கள். ஆனால் மனிதர்களிடம் போய் 'இனிமேல் நீங்கள் தேவையில்லை' என்று அறிவிப்பு மட்டும் செய்யாதீர்கள். அதுவும் அவர்கள் எதிர் வீட்டிலேயே இருக்கும்போது.

வெள்ளிக்கிழமை நித்யாவுக்கு வேலை உறுதியாகி மெயில் வந்தது. வசந்தி முதல் ஸ்வீட்டை டீச்சர் வாயில்தான் ஊட்டினாள். நானும் போனேன். "மன்னிச்சுக்குங்க டீச்சர்" என்றேன். "அட, விடுங்க சார்" என்று சிரித்தார். எனக்கு மனசு லேசாகிவிட்டது.

மறுநாள் டீச்சர் எங்கள் வீட்டு வாசலில் பையோடு நின்றார். மருங்காபுரியில் தம்பி வீட்டுக்கு நான்கு நாள் போகிறாராம். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம். தன் வீட்டுச் சாவியை நீட்டினார். நான் ஆசையாகக் கை நீட்டினேன்.

டீச்சர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"உங்ககிட்ட வேணாம் சார், நீங்க திரும்பவும் முன்னேறிடுவீங்க. வசந்தியைக் கூப்பிடுங்க."