ஸ்பிரிங்குக்குள் இரண்டு பலூன்

என் வண்டியைப் பற்றி என்னிடம் யாரும் பேசமாட்டார்கள். பட்டறைக்கு நானே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தியிருப்பேன். கண்ணாடியை இறக்கி, என்ன கோளாறு என்று நானே சொல்லியிருப்பேன். மெக்கானிக் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, பக்கத்து சீட்டில் இருப்பவரைப் பார்த்துப் பதில் சொல்வார். பக்கத்து சீட்டு காலியாக இருந்தால், "கூட யாரும் வரலீங்களாக்கா?" என்று கேட்பார். வரவில்லை, வரவும் மாட்டார்கள், என்னிடமே சொல்லுங்கள் என்பேன். அதற்கப்புறம்தான் அரை மனதாக என் பக்கம் திரும்புவார். வேலை தொடங்குவதற்குள் என் கோபத்தில் பாதி செலவாகிவிடும்.

எனக்கு இரண்டு வயதில் போலியோ வந்து இரண்டு காலும் போய்விட்டன. காலை நிமிர்த்திப் பிடிக்கும் இரும்புச் சட்டமான காலிப்பர் மாட்டிக்கொண்டு, அக்குள் கட்டைகளை ஊன்றிப் பத்துப் பன்னிரண்டு அடி நடப்பேன். அதற்கு மேல் பேட்டரி நாற்காலிதான். நாமக்கல்லில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் கொட்டகை வைத்திருக்கிறேன். முதலில் கையால் சுற்றும் மூன்று சக்கர சைக்கிளில் கடைக்குப் போய் வந்தேன், அப்புறம் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர், இப்போது இந்த வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும், கியர் தானாக மாறும், ஜீப் மாதிரி உயரமான காட்டு வண்டி. பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் ஒரே கைப்பிடியில் கொண்டுவந்து, ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டிப் பதிந்து வாங்கினேன். பின்னால் ஒரு குட்டி கிரேன் நாற்காலியைத் தூக்கி உள்ளே வைக்கும். பிறகு வண்டியின் பக்கவாட்டைப் பிடித்தபடி நடந்து வந்து ஏறி உட்காருவேன். யார் கையும் வேண்டியதில்லை.

"கோயில் கொளத்துக்குப் போக ஒரு சின்னக் கார் பத்தாதா இவளுக்கு?" என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பத்தாது. எருமப்பட்டிப் பக்கம் எனக்குக் காடு இருக்கிறது. எங்கள் பேச்சில் காடு என்றால் வெள்ளாமை செய்யும் நிலம். அப்பா போன பிறகு அண்ணனுக்கும் எனக்கும் சரிபாதியாக வந்தது. என் பாதியையும் அண்ணன்தான் உழுதுகொண்டிருந்தார். இனிமேல் என் பங்கில் நானே ஆள் வைத்துச் சின்ன வெங்காயம் போடுகிறேன் என்று போன பொங்கலுக்குச் சொன்னேன். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை.

அண்ணன் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். என்னை முதுகில் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போனவர். வம்பே அதில்தான். இன்னமும் என்னைச் சுமந்துகொண்டிருப்பதாகவே அவருக்கு நினைப்பு.

"ஏஞ் சாமி, நீ எப்படி அங்க வருவே? பள்ளத்தைத் தாண்டி வரோணுமே" என்றார். பள்ளம் என்பது எங்கள் காட்டுக்கு முன்னால் குறுக்கே போகும் ஓடை. வருஷத்தில் பத்து நாள் தண்ணீர் ஓடும், மற்ற நாளெல்லாம் மணலும் கல்லும்தான். இறங்குவது லேசு. அக்கரை ஏற்றம் மட்டும் செங்குத்து.

"வண்டிலதான் வருவனுங்கண்ணா."

"செரி, வந்து காட்டு பாக்கலாம்."

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பள்ளத்தில் இறங்கும்போதே பின்னால் டொம் என்று ஒரு சத்தம். நாற்காலி, கிரேன், இரண்டு மூட்டை வேப்பம் புண்ணாக்கு என்று அத்தனை கனமும் வண்டியின் வாலில் இருந்தது. பின் சக்கரத்துப் பக்கம் இருக்கும் சுருள் ஸ்பிரிங் இரண்டும் முழுசாக அமுங்கிவிட்டன. அக்கரை ஏற்றத்தில் மூக்கு வானத்தைப் பார்க்க, பின் பம்பர் மணலில் குத்தி நின்றது. அதற்கு மேல் ஓர் அடி நகரவில்லை. அண்ணன் டிராக்டரைக் கொண்டுவந்து சங்கிலி போட்டு இழுத்தார். பக்கத்துக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வரப்பில் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். "பாவம்" என்று ஒருத்தி சொன்னது எனக்குக் கேட்டது. அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும்.

அன்று சாயந்தரமே அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். "எதுக்குச் சாமி உனக்கு இந்தப் பாடு? உன்ற பங்குக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துரு. வருசா வருசம் வெங்காயம், பருப்பு எல்லாம் ஊட்டுக்கே வந்துரும். நான் இருக்கறனல்ல."

கூடப்பிறந்த பெண்கள் தங்கள் பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடும் பத்திரம் அது. எங்கள் சொந்தத்தில் போடாத பெண்ணை நான் பார்த்ததில்லை. காலும் கையும் நன்றாக இருக்கிறவர்களே போட்டிருக்கிறார்கள், நான் எந்த மூலைக்கு என்று அவர் நினைத்ததில் ஆச்சரியமில்லை. எனக்கு வீம்பு தலைக்கேறியது.

"சித்திரை முடியறதுக்குள்ள நான் தனியா பள்ளத்தைத் தாண்டி வாரேன். முடியலைன்னா கையெழுத்துப் போடறேன்" என்றேன்.

 அண்ணன் சரி என்று எழுந்து போய்விட்டார்.

நாமக்கல்லில் வண்டி வால் தொங்கினால் ஊருக்கே தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். லாரிக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் இரும்புப் பட்டைகளோடு இன்னொரு பட்டையைச் சேர்த்துவிடுவது. முதல் பட்டறைக்காரர் குனிந்துகூடப் பார்க்காமல், "ஒரு பட்டை சேத்தா செரியாப் போயிருமுங்க" என்றார். இதில் பட்டையே இல்லை, சுருள் ஸ்பிரிங் என்று சொன்னதும் ஆர்வம் போய்விட்டது. இரண்டாமவர் ஸ்பிரிங்கையே கெட்டியானதாக மாற்றிவிடலாம் என்றார். மாற்றலாம்தான். ஆனால் சுமை இல்லாத நாளில் வண்டி தூக்கித் தூக்கிப் போடும். பிரேக்கும் ஆக்சிலேட்டரும் என் ஒரே கையில் இருக்கின்றன. உடம்பு குலுங்கினால் கை குலுங்கும், கை குலுங்கினால் வண்டி பாயும். மூன்றாமவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தச் சேரை ஊட்டுலயே வெச்சுட்டு வாங்க, வெயிட்டு கொறஞ்சிரும்" என்றார்.

"அப்ப நீங்க உங்க ரெண்டு காலையும் ஊட்டுல வெச்சுட்டு வாங்க. உங்களுக்கும் வெயிட்டு கொறஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினேன்.

வழி என் கொட்டகைக்கே வந்தது. தார்ப்பாய் வாங்க வந்த ஒருவர், சொகுசு பஸ்களில் சக்கரத்துப் பக்கம் இருக்கும் காற்றுப் பலூன்களைப் பற்றி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அதே மாதிரி சின்ன வண்டிக்கு உண்டா என்று அன்று முழுக்க போனைக் குடைந்தேன். இருந்தது. சுருள் ஸ்பிரிங்குக்கு உள்ளேயே உட்காருகிற ரப்பர் பலூன். சுமை ஏற்றினால் காற்றை ஏற்றிக்கொள்ளலாம், இறக்கினால் குறைத்துக்கொள்ளலாம். எனக்கு வேண்டியது அதுதான். வரவழைத்தேன். சொம்பை விடக் கொஞ்சம் நீளமாக, கருஞ்சிவப்பில் இரண்டு. கூடவே வந்த காகிதத்தை மூன்று தடவை படித்தேன். முப்பத்தைந்து பாயின்டுக்கு மேல் காற்று கூடாது. ஐந்துக்குக் கீழே இறங்கவும் கூடாது. பலூன் போட்டதால் வண்டி தாங்கும் மொத்தக் கனம் கூடிவிடாது. என் சுமை அந்த அளவுக்குள்தான் இருக்கிறது என்று எடை மேடையில் நிறுத்திப் பார்த்துக்கொண்டேன்.

நாலாவதாக ஒரு மெக்கானிக், என்னை விடச் சின்னவர், என் கொட்டகைக்கே வந்து மாட்டித் தருவதாக ஒத்துக்கொண்டார். சித்திரையில் ஒரு காலை நேரம். வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரங்களைக் கழற்றினார். ஷாக் அப்சர்பரின் கீழ் போல்ட்டை எடுத்ததும் அச்சு மெல்ல இறங்கியது. ஸ்பிரிங் நீண்டு, சுற்றுக்குச் சுற்று இடைவெளி விட்டது. உள்ளே இருந்த ரப்பர் கட்டையைப் பிடுங்கி எடுத்தார். பலூன் அந்த இடத்தில் உட்கார வேண்டும்.

காற்றைப் பிதுக்கிவிட்டு, சுருட்டி, அந்த இடைவெளி வழியாக உள்ளே தள்ள வேண்டும். அவர் தோசையைச் சுருட்டுவது மாதிரி சுருட்டித் தள்ளினார். பாதி போனதும் பலூன் விரிந்துகொண்டு வெளியே வந்தது. மறுபடி சுருட்டினார், மறுபடியும் வந்தது. மூன்றாம் தடவை எரிச்சலில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நெம்பப் போனார்.

"ஸ்க்ரூ டிரைவரைக் கீழ போடுங்க!" என்று நான் கத்தியதில் தையல் மெஷின் எல்லாம் நின்றுவிட்டது. "ஓட்டை உழுந்தா உங்க காடா போகும்?"

"ஏனுங்க்கா, இதுல காடு எங்கிருந்து வந்துச்சு?" என்று விழித்தார். பிறகு, "வேணும்னா கிரீஸ் தடவிப் பாக்கட்டுங்களா?" என்றார்.

"கிரீஸ் பட்டா ரப்பர் வீணாப் போயிரும். தள்ளுங்க அக்கட்டால."

நாற்காலியிலிருந்து தரைக்கு இறங்கினேன். தார்ப்பாயைத் தரையில் விரித்துத்தான் வெட்டுவோம், மடிப்போம். தரையில் உட்கார்ந்துவிட்டால் வேலையில் என்னை யாரும் முந்த முடியாது. அவர் குத்தவைத்து, கழுத்தை ஒடித்துப் பார்க்க வேண்டியிருந்த ஸ்பிரிங் என் முகத்துக்கு நேராக இருந்தது. பலூனின் நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றை வழித்தேன். மிச்சத்தை வாயால் உறிஞ்சிவிட்டு மூடியைப் போட்டேன். நீளவாக்கில் இரண்டு மடிப்பு. தார்ப்பாய்க் கட்டுக்குப் போடுகிற மாதிரி, நுனியை இழுத்தால் அவிழ்கிற சுருக்கு ஒன்றைத் தையல் நூலால் போட்டேன். சோப்புத் தண்ணீரில் முக்கி இடைவெளியில் தள்ளினேன். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. நூல் நுனியை இழுத்தேன். உள்ளேயே விரிந்தது, நூல் என் கையோடு வந்துவிட்டது.

மெக்கானிக் அடுத்த பலூனை எடுத்து என்னிடம் நீட்டினார். "அந்தப் பக்கத்தையும் நீங்களே போட்டுருங்க்கா" என்றார்.

போட்டேன். குழாய்களை சைலன்சர் சூடு படாமல் ஒதுக்கி, நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தோம். இரண்டையும் சேர்த்து ஒரே வால்வு போதும் என்று அவர் சொன்னார். நான் விடவில்லை. எங்கள் பள்ளத்து ஏற்றம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இரண்டு பலூனும் ஒரே குழாயில் இருந்தால், தாழ்ந்த பக்கத்துக் காற்று உயர்ந்த பக்கத்துக்கு ஓடி, வண்டி இன்னும் சாயும். தனித்தனி வால்வுதான் வைத்தோம். இந்தத் தடவை அவர் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார், என் முகத்தைப் பார்த்துத்தான் தலையாட்டினார்.

சக்கரங்களை மாட்டி வண்டியைத் தரையில் இறக்கினார். அதோடு முடிந்திருக்க வேண்டும். பக்கத்து டயர் கடைக்காரர் உதவி செய்கிறேன் என்று காற்றுக் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார். காலமெல்லாம் லாரி டயருக்குக் காற்றடித்த கை. வால்வில் வைத்து அழுத்திவிட்டு யாரிடமோ பேசத் திரும்பிக்கொண்டார். ஒரு பக்கம் வண்டி விருட்டென்று எழும்பியது. எட்டிப் பிடித்துக் குழாயைப் பிடுங்கி எறிந்தேன்.

"இது லாரி டயரு இல்லீங்கண்ணா!"

"கைப் பழக்கமுங்க அம்மிணி, மறந்துட்டேன்" என்றார்.

நல்ல வேளை, பலூனுக்கு ஒன்றும் ஆகவில்லை. காற்றைக் குறைத்துவிட்டு சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். ஓர் இணைப்பில் மட்டும் குமிழி வந்தது. குழாய் நுனி கோணலாக வெட்டியிருந்தது. என் தார்ப்பாய்க் கத்தியால் நேராக வெட்டி மாட்டியதும் நின்றது. அன்றைக்கே ஒரு சைக்கிள் பம்பு வாங்கி வண்டியில் போட்டேன். வருஷக்கணக்காக மூன்று சக்கர சைக்கிளைச் சுற்றிய கைகள் இவை. இரண்டு சின்னப் பலூனுக்குக் காற்றடிக்க எனக்கு யாரும் வேண்டாம்.

சித்திரையின் கடைசி வெள்ளிக்கிழமை காலையில் போனேன். அதே நாற்காலி, அதே கிரேன், அதே இரண்டு மூட்டை புண்ணாக்கு. பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, இறங்கி, பம்பரில் சாய்ந்துகொண்டு இரண்டு பக்கமும் இருபத்தைந்து பாயின்டுக்கு அடித்தேன். வால் நிமிர்ந்தது. அக்கரையில், என் பங்கு தொடங்கும் இடத்தில், அண்ணன் நின்றிருந்தார். பக்கத்தில் டிராக்டர். அதன் என்ஜினை அணைக்காமல் வைத்திருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பயமும் இருந்தது. பொய் சொல்வானேன், கை வேர்த்து வழுக்கியது. புடவையில் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

இறங்கும்போது டொம் கேட்கவில்லை. மணலைத் தாண்டினேன். ஏற்றத்தில் மூக்கு தூக்கியது, ஆனால் வால் இடிக்கவில்லை. பாதி ஏற்றத்தில் வண்டி இடது பக்கம் சாய்ந்தது. கைப்பிடியை அசைக்காமல் அப்படியே அழுத்தினேன். பின் சக்கரம் ஒரு தடவை வழுக்கி மண்ணைக் கவ்வியது. அடுத்த நொடி நான் மேலே இருந்தேன். என் வாயில் வந்த கெட்ட வார்த்தையை இங்கே எழுத முடியாது.

அண்ணன் சிரித்தார். மனசாரத்தான் சிரித்தார். "ஏறிட்டியே சாமி!" என்று கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தார். கொஞ்ச நேரம் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "செரி, இன்னிக்கு ஏறிட்டே. ஐப்பசில மழை பேஞ்சு பள்ளத்துல தண்ணி வந்தா என்ன பண்ணுவே?" என்றார்.

அதற்கும் ஒரு பதில் தேடப் போனேன். தண்ணீரில் பலூன் தாங்குமா, குழாயை இன்னும் மேலே ஏற்றிக் கட்டலாமா என்று மனசு அதற்குள் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. அப்போதுதான் எனக்கே சுரீர் என்றது. நான் என்ன பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறேன்? என் அப்பன் காட்டை ஒரு ஸ்பிரிங்கின் மேல் பந்தயம் வைத்தவள் நான்தானே. அண்ணனை இப்படி யாராவது ஏறிக் காட்டு என்று கேட்டிருக்கிறார்களா?

"ஐப்பசில தண்ணி வந்தா உங்க டிராக்டரு தாண்டுமுங்களாண்ணா?"

"அதெப்படித் தாண்டும்? பத்து நாள் கழிச்சுத்தான் வருவேன்."

"அந்தப் பத்து நாளைக்கு உங்க பங்கை யாருக்கு எழுதி வெக்கறீங்க?"

அவர் டிராக்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னொண்ணும் கேட்டுக்குங்க. இன்னிக்கு நான் இந்தப் பள்ளத்துல மாட்டிக் கெடந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். அன்னிக்கு நான் சொன்னது தப்பு."

"அப்ப சொன்ன சொல்லை மாத்தறியா?"

"ஆமாங்க. மாத்தறேன்."

 அண்ணன் போய் டிராக்டர் என்ஜினை அணைத்துவிட்டு வந்து, என் வண்டிக்குப் பின்னால் நின்றார். நான் கதவைத் திறந்து, வண்டியைப் பிடித்தபடி பின்பக்கம் போனேன். கிரேன் பொத்தானை அழுத்தினேன். நாற்காலி மேலே எழும்பி, வெளியே வந்து, அவர் தலைக்கு நேராகத் தொங்கியது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணா, சேர் எறங்கோணும்" என்றேன். "நீங்க நிக்கறது என்ற காடு."