பொடி எழுத்துச் சாட்சி

சரக்குக் கிடங்கில் அவரை அங்குலம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் இரும்பு நாக்குகளில் ஆள் உயரத்துக்குப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, அடுக்குகளுக்கு நடுவே ஒரு அங்குலம் இடம் விட்டு நுழைந்து வந்துவிடுவார். எதிலும் இடித்ததில்லை. பெருமைப்பட அவருக்கு வாழ்க்கையில் இந்த ஒன்றுதான் இருந்தது. அதை மற்றவர்கள் மறக்கவும் அவர் விட்டதில்லை.

அவருடைய அப்பா பார்வை போய்ச் செத்தவர். சுவரைத் தடவித் தடவி நடந்ததில், கை உயரத்துக்கு ஒரு அழுக்குக் கோடு வீடு முழுக்க ஓடியது. வெள்ளையடித்த பிறகும் மகனுக்கு அது தெரிந்தது. அதனால் கம்பெனிப் பரிசோதனையில் கண்ணழுத்தம் கூடியிருக்கிறது என்றதும் அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

“அப்பாவுக்கு இருந்த அதே நோய்தாங்க இது,” என்றார் கண் டாக்டரம்மா. “வலிக்காது. ஓரத்துலருந்து பார்வையைத் தின்னுக்கிட்டே வரும். நடுப்பார்வை கடைசியிலதான் போகும், அதனால உங்களுக்கே தெரியாது. போனது திரும்பாது. இருக்கறதைக் காப்பாத்த ஆயுசுக்கும் சொட்டு மருந்து போடணும்.”

கூட வந்திருந்த மனைவி ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டாள். அவர் காதில் விழுந்தது அப்பா என்ற சொல் மட்டும்.

அவர்கள் போகும் சபை, டயர் கடைக்கு மேல்மாடியில் ஒரு கூடம். பாஸ்டர் விஞ்ஞானம் படித்தவர். அதைச் சொல்லாமல் அவர் ஒரு பிரசங்கமும் முடித்ததில்லை. “நாம கண்ணை மூடிக்கிட்டு நம்பற கூட்டம் இல்ல. சோதிச்சுக் காட்டுவோம்” என்பார். அங்கே குணமானவர்கள் மேடையேறிச் சாட்சி சொன்னால் போதாது, நிரூபிக்கவும் வேண்டும். முட்டிவலிக்காரர் மாடிப்படி ஏறி இறங்குவார். காது கேளாதவர் முதுகைத் திருப்பிக்கொண்டு பதில் சொல்வார். கண் நோயாளி கையடக்க வேதப் புத்தகத்தின் பொடி எழுத்தை வாசிக்க வேண்டும், அதுவும் மனப்பாடமாக ஒப்பித்துவிட முடியாத வம்சவரலாற்றுப் பகுதியை. சாட்சி சொன்ன பிறகு மருந்தைத் தொட்டால் கடவுளைப் பொய்யராக்கியதாகும்.

சான்று கேட்பது நல்ல பழக்கம்தான். எதற்கு எது சான்று என்று யோசிப்பது அதைவிடச் சிரமமானது. அந்தப் பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை.

பாஸ்டர் அங்குலத்தின் கண்களில் கை வைத்து ஜெபித்தார். அடுத்த வாரமே அங்குலம் மேடையேறி, வாயில் நுழையாத பெயர்களை எல்லாம் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வாசித்தார். கூடமே கைதட்டியது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி மெதுவாகச் சொன்னாள். “என்னங்க, நடுவுல கடைசிவரைக்கும் தெரியும்னுதானே டாக்டரம்மா சொன்னாங்க. பொடி எழுத்து முன்னாடியும் உங்களுக்குத் தெரிஞ்சுதே.”

“நான் வாசிச்சதை நீ கேட்டியா இல்லையா?”

“கேட்டேன்.”

“அப்புறம் என்ன நொட்டை சொல்ற?”

அவள் சலவைக்கடையில் இஸ்திரி போடுபவள், சூடான பொருளை எப்போது தொடக் கூடாது என்று தெரிந்தவள். ஆனால் மருந்தை மட்டும் எறியவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் கெட்டுப்போகும் தேதி பார்த்துப் பார்த்துப் புதுப் பாட்டிலாக மாற்றி வைத்தாள். என்றைக்காவது அவரே கேட்பார் என்று இருந்தாள்.

அவர் கேட்கவில்லை. தம்ளர்களைத் தட்டிவிட ஆரம்பித்தார். கதவு நிலையில் தோள் இடித்தது. வண்டி அடுக்கில் உரசியது.

“என்ன அங்குலம், அடிக்கணக்குக்கு வந்துட்டியா?” என்று சுமை தூக்குபவர் ஒருவர் கேலி செய்தார். அவர்தான் அங்குலத்தோடு தினமும் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்.

“நீ ஒழுங்கா ஓரமா நில்லுடா.”

நண்பர் ஓரமாகத்தான் நின்றார். ஒரு மதியம், அந்த ஓரத்தில் ஆள் இருப்பது தெரியாமல் அங்குலம் வண்டியைத் திருப்பியதில் சக்கரம் நண்பரின் பாதத்தின் மேல் ஏறியது. பாதத்தை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

அங்குலத்துக்கு வேலை போயிற்று. டாக்டரம்மா மறுபடி பரிசோதித்துவிட்டு, “குழாய்க்குள்ள பாக்கற மாதிரிதான் மிச்சம் இருக்கு. மருந்து போட்டீங்களா?” என்றார். அங்குலம் எழுந்து, காலால் துழாவிச் செருப்பைத் தேடினார். “இப்பவாவது போடுங்க. இந்த மிச்சமாவது நிக்கும்.”

வீட்டில் மனைவி பாட்டிலை எடுத்து நீட்டினாள். சீல் உடைக்காத பாட்டிலை அவர் முகத்துக்கு நேரே கொண்டுவந்து நெடுநேரம் பார்த்தார். அதில் அச்சிட்ட பொடி எழுத்து அவருக்கு இன்னும் தெரிந்தது.

“இது எப்பலருந்து இங்க இருக்கு?”

“எப்பவுமே இருக்கு.”

அவர் பாஸ்டருக்குப் போன் போட்டார். “பாத்தீங்களா சகோதரா,” என்றார் பாஸ்டர், “வீட்டுக்குள்ளயே சந்தேகத்தைக் குளிர வச்சுக் காப்பாத்தியிருக்காங்க.” நண்பனின் காலுக்கும் தன் கண்ணுக்கும் ஒரே காரணம் கிடைத்ததில் அங்குலத்துக்கு நிம்மதி வந்தது. பாட்டிலைத் திருகித் தொட்டியில் கவிழ்த்தார். அவள் தடுக்கப் போன கையைத் தட்டிவிட்டார்.

மிச்சமும் போயிற்று. மறுபடி சாட்சி சொல்ல அவர் வந்தபோது, அவள்தான் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போனாள். “படி இருக்குங்க, பாத்து.”

“என் கட்டிலுக்குப் பக்கத்துலயே அவிசுவாசம் படுத்துக் கிடந்துச்சு,” என்றார் அவர் மைக்கில். “அதான் என் கண்ணைத் திரும்ப மூடிடுச்சு.” பொடி எழுத்தை வாசிக்கும்படி இந்த முறை அவரிடம் யாரும் கேட்கவில்லை.

பாஸ்டர் அவள் பக்கம் திரும்பினார். “என்ன தப்புப் பண்ணினீங்க, நீங்களே சொல்லிடுங்கம்மா.”

“மருந்தை வாங்கி வச்சது தப்புதாங்க,” என்றாள். “போட்டு விட்டிருக்கணும்.”

பாஸ்டர் மைக்கை வாங்கிப் பாட்டைத் தொடங்கினார். அங்குலம் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். மேடையிலிருந்து இறங்கும்போது படி இருக்கிறது என்று சொல்லவில்லை.

அவர் முழங்காலில் போய் விழுந்தார். ஜெபிக்கிறார் என்று நினைத்து, கூடம் முழுவதும் முழங்காலிட்டது.