சித்தியும் கொக்கிப் பெட்டியும்

என் சித்தி பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். எத்தனை பீஸ் தைக்கிறாளோ அத்தனைக்குத்தான் கூலி. புது மாடல் வந்தால் சாம்பிளை ஒரு தரம் திருப்பிப் பார்ப்பாளாம்; பக்கத்து மெஷின்காரர்கள் நூல் கோத்து நிமிர்வதற்குள் ஒரு கட்டு தைத்துப் போட்டிருப்பாளாம். இதெல்லாம் அம்மா சொல்லிக் கேட்டது. நான் கண்ணால் கண்டது வேறு.

நாங்கள் போகும் சினிமா தியேட்டரின் வராந்தாவில் பழைய விமானச் சண்டை வீடியோ கேம் மெஷின் ஒன்று இருந்தது. சித்தி ஒரே ஒரு நாணயம் போடுவாள். மற்றவர்களின் விமானமெல்லாம் நாலு குண்டுக்குள் வெடித்துவிடும். சித்தியின் விமானம் மட்டும் அந்த நீல வானத்தில் நீந்திக்கொண்டே இருக்கும். பின்னால் கூட்டம் கூடும். உள்ளே படம் ஆரம்பித்துவிடும். பல படங்களில் முதல் பாட்டை நாங்கள் பார்த்ததேயில்லை. அவள் முகத்தில் நீல வெளிச்சம் அலைவதைப் பார்த்தபடி நிற்பேன். எனக்கு ஏழு வயது. கை நன்றாக இருந்தால் ஒரு நாணயம் போதும், உலகம் அப்படித்தான் ஏற்பாடாகியிருக்கிறது என்று நிம்மதியாக நம்பினேன்.

அந்த வருஷமே ஊருக்கு மால் வந்தது. சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு, மறுநாள் சித்தி என்னை அங்கே கூட்டிப்போனாள். மேல்மாடி முழுக்க விளையாட்டு. நாணயம் செல்லாது, கார்டு வாங்கித் தேய்க்க வேண்டும். அந்தக் குளிரிலும் வண்ண விளக்குகளிலும் தரையில் கால் படுகிறதா என்றே தெரியவில்லை. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ரோஸ் நிற யானை மல்லாந்து கிடந்தது. மேலிருந்து மூன்று விரல் கொக்கி இறங்கி பொம்மையைக் கவ்வித் தூக்கும். அந்த யானை எனக்காகவே காத்துக் கிடப்பதாக முடிவு செய்துவிட்டேன்.

“இரு கண்ணு, எடுத்துத் தர்றேன்” என்றாள் சித்தி.

முதலில் இரண்டு பேர் ஆடுவதைப் பார்த்தாள். பிறகு கார்டைத் தேய்த்தாள். கொக்கி நூல் பிடித்தாற்போல் யானையின் வயிற்றில் இறங்கியது, தூக்கியது. பாதி வழியில் விரல்கள் தளர்ந்தன. யானை விழுந்தது. மறுபடி தேய்த்தாள். ஐந்து தரமும் அதே உயரத்தில் அதே தளர்ச்சி.

கம்பெனியில் தையல் லூசாக விழுந்தால் டைலர் கையைத் தூக்கினால் போதும். மெக்கானிக் வந்து டென்ஷனை, அதாவது நூலின் இறுக்கத்தை, சரிசெய்வார், யாரும் டைலரைக் குறை சொல்வதில்லை. சித்தியும் அங்கே, அத்தனை கூட்டத்தில், கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். சீருடை போட்ட ஒரு பையன் வந்தான்.

“ஏனுங்க தம்பி, இதுல டென்ஷன் லூசா இருக்குதுங்க. மெக்கானிக்கைக் கொஞ்சம் வரச் சொல்றீங்களா?”

அவன் தெற்கத்திக்காரன். சிரிக்கவில்லை, குரலைத் தாழ்த்தினான்.

“லூசு இல்லக்கா. அப்படித்தான் செட் பண்ணி வச்சிருக்காவ. நெறைய காசு உள்ள போனப்பெறவு ஒருக்கா இறுக்கிப் பிடிக்கும். கை எவ்ளோ நல்லாருந்தாலும் ஒண்ணுமில்ல.”

எனக்கும் அது கேட்டது. பாவம், தோற்றுப்போன சித்திக்கு ஆறுதல் சொல்கிறான் என்று நினைத்தேன். கார்டில் மிச்சம் ஒன்றும் இல்லை. நாங்கள் விலகி நின்றோம். செல்போனில் பேசிக்கொண்டே வந்த ஒருவர் இடது கையால் கார்டைத் தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். ஏழாவதோ எட்டாவதோ தடவை, காதைக் கோணலாகப் பிடித்த கொக்கி விடவேயில்லை. யானை அவர் மகளின் கைக்குப் போனது.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “உங்களுக்குக் கையே சரியில்லீங்க சித்தி” என்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

சித்தி அந்தப் பையனைப் பார்த்தாள். பிறகு குனிந்து என் கண்ணைத் துடைத்தாள்.

“ஆமா கண்ணு. சித்திக்குக் கை போயிருச்சு.”

வீட்டுக்கு வந்ததும் எல்லோரிடமும் அதைச் சொன்னேன். சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம் சொன்னேன். எல்லோரும் கேலி செய்தார்கள். அவளும் கூடச் சிரித்தாள், ஒரு தடவைகூட மறுக்கவில்லை. நல்ல கை இருந்தாலும் கிடைக்காத இடம் ஒன்று உண்டு என்பது ஏழு வயதிலேயே எனக்குத் தெரிய வேண்டாம் என்று, தனக்கிருந்த ஒரே பெருமையை அவள் விட்டுக்கொடுத்தாள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.