போர்வையின் நடு அடுக்கு

சூடேறிய ஊசி பழைய புடவைக்குள் இறங்கும்போது ஒரு நாற்றம் கிளம்பும். தலைக்கு வைத்த எண்ணெய், குழந்தை மூத்திரம், வியர்வை, வெற்றிலைச் சாறு எல்லாம் வருடக்கணக்கில் துணிக்குள் அமுங்கிக் கிடந்துவிட்டு, தையல் மிஷின் ஓடுகிற வேகத்தில் ஒன்றாக எழுந்து நேராக மூக்குக்குள் ஏறும். நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில், பன்னிரண்டு வயதில், ஒரு குளிர்காலம் முழுக்க அந்த நாற்றத்துக்கு முன்னால் உட்கார்ந்துதான் நான் தொழில் கற்றேன். பழம்புடவைப் போர்வையில் பாசத்தைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள் என்று உருகி உருகிப் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். அவர்களில் ஒருவராவது ஒரு போர்வையைத் தைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எங்கள் தெருவில் அதை 'பொந்தா' என்போம். ஊரில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், சொல் அவர்களுடையது. ஐப்பசி மழை விட்டு, வத்தல்மலைப் பக்கமிருந்து குளிர்காற்று இறங்கத் தொடங்கியதும், பெண்கள் வீட்டிலிருக்கிற கிழிசல் புடவை, லுங்கி, பாவாடை எல்லாவற்றையும் நாலைந்து அடுக்காக விரித்து, நகராமல் இருக்கக் கையால் ஓட்டுத்தையல் போட்டு, சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் வந்துவிடுவார்கள். அதன்மேல் மிஷினில் வரிவரியாகத் தையல் ஓட்டி, சுற்றிலும் ஓரத்தை மூடித் துணிப் 'பட்டி' அடித்து முடித்துக் கொடுப்பது அம்மாவின் வேலை. ஒருத்தியாவது துவைத்துக் கொண்டுவர வேண்டுமே! துவைத்தால் துணி நைந்துவிடும், மிஷினில் கிழிந்துவிடும் என்று எல்லாருக்கும் ஒரே சாக்கு. பிரித்தால் மூட்டைப்பூச்சி ஓடும். சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருக்கும். இன்னும் என்னென்னவோ ஒட்டியிருக்கும், அதையெல்லாம் எழுத எனக்கு இப்போதும் குமட்டுகிறது.

கால் மிஷினில் போர்வை தைப்பது ஜாக்கெட் தைப்பது போல அல்ல. இரண்டு பக்கமும் பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டி, ஒரு சுருளை மிஷின் கழுத்துக்குள் திணித்து, முதல் வரியை நட்டநடுவில் ஓட்டிவிட்டு, அங்கிருந்துதான் வெளிப்பக்கமாகப் போக வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் மேல்துணி ஒரு பக்கமும் அடித்துணி ஒரு பக்கமும் இழுத்துக்கொண்டு, நடுவில் புஸ்ஸென்று உப்பி நிற்கும். இன்னொரு சுருளைத் தோளில் போட்டுக்கொண்டுதான் தைக்க முடியும் என்பதால், யார் யாரோ படுத்துப் புரண்ட துணி என் கழுத்திலும் கன்னத்திலும் உரசிக்கொண்டே இருக்கும். நான் 'உவ்வே' என்றால் அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "அடுத்தவங்க அழுக்குலதான்டி நம்ம வூட்டு ஒல கொதிக்குது, மூஞ்சியச் சுளிக்காம மிதி" என்பாள். கரித்துண்டால் கோடு போட்டுக் கொடுப்பாள். கோணினால் அவளே பிரித்துவிடுவாள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் மல்லிகா அக்கா வந்தாள். எங்கள் தெருக் கோடி வீட்டுப் பெண், தீர்த்தமலைப் பக்கம் கட்டிக்கொடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மூன்று மாதம் படுக்கையில் கிடந்த அவளுடைய அம்மா செத்துப்போய், காரியமும் முடிந்து, புருஷன் வீட்டுக்குத் திரும்புகிற நேரம். செத்தவர்கள் உடுத்திய துணி வீட்டில் இருக்கக் கூடாது என்று சொந்தக்காரர்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டுபோய் எரித்துவிட, இவள் ஒரே ஒரு புடவையை மட்டும் நெல் மூட்டைக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தாள். கடைசி நாட்களில் அந்த அம்மாள் உடம்பில் சுற்றியிருந்த அரக்குப் புடவை. அதைத் தன்னுடைய பழைய புடவைகளுக்கு நடுவில் வைத்து ஓட்டுத்தையல் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

"எங்க மாமியா பாத்தா கொளுத்திப்புடுவாங்கக்கா. உள்ள இருந்தா யாருக்கும் தெரியாது. தண்ணியில மட்டும் நனைச்சுடாதீங்க, அம்மா வாசன போயிரும்" என்று என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க அம்மா எனக்குந்தான் சோறு போட்டவங்க. நீ அழுவாதடி, நாளைக்குச் சாயங்காலப் பஸ்ஸுக்குள்ள முடிச்சுத் தர்றன்" என்றாள் அம்மா. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எல்லாம் என் காதில் விழுந்தது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

மறுநாள் காலை அம்மா பாப்பாரப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. வரி ஓட்டுவதை முழுதாக என் கையில் விட்டது அதுதான் முதல் தடவை. "மத்தியானத்துக்குள்ள ஓட்டி வை, நான் வந்து பட்டி அடிச்சுக்கறன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நடுவரியை அம்புபோல ஓட்டினேன். இரண்டாவது வரியில் ஊசி சூடேறியது, ஏறியதும் அது வந்தது. படுக்கைப் புண்ணுக்குத் தடவிய எண்ணெயும், புகையிலையும், வாய்விட்டுச் சொல்ல முடியாத இன்னொன்றும் கலந்த நாற்றம். மூன்றாவது வரியில் நூல் அறுந்தது; ஊசியை எடுத்துப் பார்த்தால் துளையில் பழுப்பு நிறத்தில் பஞ்சு அப்பியிருந்தது. கருமம், அதை எச்சில் தொட்ட விரலால் துடைத்துவிட்டேன். அடுத்த நிமிஷம் கொல்லைக்கு ஓடி, காலையில் தின்ற களியை மொத்தமாக வாந்தி எடுத்தேன்.

வாயைக் கழுவிவிட்டு வந்து பிளேடை எடுத்தேன். ஓட்டிய மூன்று வரிகளையும் பிரித்தேன். ஒரு பக்கத்து ஓட்டுத்தையலை அறுத்தேன். விளக்குமாற்றுக் கட்டையால் அந்தப் புடவையை மட்டும் கோத்து இழுத்தேன். அது இருந்த இடத்தில் நான் தினமும் விரித்துப் படுக்கிற நீலக்கோடு போட்ட பெட்ஷீட்டை இரண்டாக மடித்துச் செருகினேன். புடவையைக் கட்டை நுனியிலேயே தொங்கவிட்டபடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஓடையோரக் குப்பைமேடு வரை நடந்துபோய் வீசினேன். திரும்பிப் பார்த்தபோது ஒரு பன்றி அதன் முந்தானையை இழுத்துக்கொண்டிருந்தது. சனியன் தொலைந்தது என்றுதான் நினைத்தேன். அந்த நிமிஷத்தில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

பிறகு ஓட்டிய வரிகள் ஒன்றுகூடக் கோணவில்லை. அம்மா திரும்பி வந்து, தடவிப் பார்த்து, "பரவால்லையே, கையி ஒக்காந்துருச்சு" என்றாள். அவள் வாயிலிருந்து அதற்கு முன் அப்படி ஒரு வார்த்தை நான் வாங்கியதில்லை. சாயங்காலம் மல்லிகா அக்கா வந்து, போர்வைக்குள் முகத்தைப் புதைத்து, நெடுநேரம் மூச்சை இழுத்தாள். "இருக்குதுக்கா, அம்மா இருக்குது" என்று அழுதுவிட்டு, என் தாடையைப் பிடித்து, "நல்லா இருப்ப கண்ணு" என்றாள். நான் வரிகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பெட்ஷீட் எங்கே என்று இரவு அம்மா கேட்டதற்கு, கொடியிலிருந்து காற்றில் போய்விட்டது என்றேன்.

என் அம்மாவும் இப்போது இல்லை. தருமபுரியில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது, போர்வை தைப்பதற்கென்றே அகலமான கரண்டு மிஷின் இருக்கிறது, துவைக்காத துணியை வாசல்படி தாண்ட விடமாட்டேன் என்று ஒரு கறார் இருக்கிறது. போன மாதம் நரைத்த தலையோடு ஒரு பெண்மணி துணிப்பொட்டலத்தை மேசைமேல் அவிழ்த்து வைத்து, "என்னத் தெரியுதா கண்ணு?" என்றபோது, முகத்தைவிட முதலில் அந்தப் போர்வையின் தையல் வரிகள்தான் எனக்கு அடையாளம் தெரிந்தன.

மல்லிகா அக்காதான். அவள் மகளுக்கு அப்போது ஒன்பதாம் மாதம். பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் ஏந்தக் கூடாது, வீட்டுப் பெரியவர்கள் கட்டிய பழந்துணியில்தான் வாங்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். "மாமியா போயி சேந்தாச்சு, இனி யாருக்குப் பயம்? பிரிச்சு எங்கம்மா பொடவையில ரெண்டு மொழம் மட்டும் எடுத்துக் குடு கண்ணு. எங்கம்மா மடியில எறங்குன மாதிரி இருக்கும்" என்றாள். இத்தனை வருடத்தில் அந்தப் போர்வையை ஒருநாள்கூட நனைத்ததில்லையாம், வெயிலில் போடுவதோடு சரியாம். தினமும் அதில் முகத்தை வைத்துத்தான் தூங்குவாளாம். எனக்கு அப்போதும் குமட்டியது, அதற்குத்தான் என்னை என்னாலேயே மன்னிக்க முடியவில்லை.

நாளைக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். எங்காவது ஒரு பழைய அரக்குப் புடவை தேடிப் பிடித்திருக்கலாம். ஆனால் அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் பிரித்தேன். வரிக்கு வரி, அன்றைக்கு ஓட்டிய அதே ஒழுங்கில் பிரித்தேன். நீலக்கோடு வெளியே வந்தது.

"இது அரக்கு இல்லையே" என்றாள். உடனே அவளே, "சாயம் போயிருக்குமோ?" என்று எனக்கு ஒரு வழியும் விட்டாள்.

"இல்லக்கா. அந்தப் பொடவைய நான் அன்னிக்கே குப்பையில போட்டுட்டேன். நாத்தம் தாங்கலக்கா. இது என் பெட்ஷீட்டு."

அவள் கத்தவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அந்தத் துணியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப இத்தன வருசமா நான் மோந்துக்கிட்டுக் கெடந்தது யார?"

"என்னத்தான்க்கா."

பெட்ஷீட்டை மேசைமேல் விட்டாள். ஒட்டியிருந்த பஞ்சை முந்தானையில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். "மூஞ்சி கழுவணும், தண்ணி எங்க இருக்குது?" என்று கேட்டாள். கடைக்குப் பின்னால் இருக்கிற குழாயைக் காட்டினேன். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள், துடைத்தாள், மறுபடியும் போய்க் கழுவினாள். பிறகு பொட்டலம் கட்டிவந்த துணியை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.