அழிரப்பரில் வெட்டிய முத்திரை

ஓர் அரசு முத்திரையை எப்படி ஒழிக்க வேண்டும் என்பதற்கு ஒரு நடைமுறை உண்டு. ரப்பரைக் கைப்பிடியிலிருந்து பிரிக்க வேண்டும். கண்காணிப்பாளர் முன்னிலையில் குறுக்கே இரண்டாக வெட்ட வேண்டும். துண்டுகளை எரிக்க வேண்டும். பிறகு பதிவேட்டில் ‘என் முன்னிலையில் அழிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். நான் கடைசி வேலையை மட்டும் செய்தேன்.

தாம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் அப்போது நான் கண்காணிப்பாளர். எந்தத் துறை என்று சொல்வதால் யாருக்கும் பயனில்லை. எண்பதுகளின் கடைசியில் எங்கள் எல்லையை இரண்டாகப் பிரித்து, அலுவலகத்தின் பெயரில் ஒரு சொல்லைக் கூட்டினார்கள். அந்த ஒரு சொல்லுக்காகப் பெயர்ப்பலகை, கடிதத்தாள், வட்ட முத்திரை எல்லாம் மாறின. புது முத்திரை வந்த அன்று பழையதை இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில் போட்டுவிட்டுப் பதிவேட்டை முடித்தேன். வெட்டுவதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எனக்குத் தெரியாத விதி ஒன்றுகூட இல்லை என்று பெயர் வாங்கியிருந்தவன் நான். அப்படிப் பெயர் வாங்கியவனை யாரும் சரிபார்ப்பதில்லை.

எங்கள் பிரிவின் தட்டச்சர் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். பொழிச்சலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். கணவருக்குப் பம்மலில் ஒரு தோல் பட்டறையில் வேலை. வேலைவாய்ப்பு அலுவலகம் மூலம் வந்த தற்காலிகப் பணி அவருடையது, வருஷக்கணக்காகத் தற்காலிகம். அப்படிப்பட்டவர்களை நிரந்தரமாக்க மேலே ஒரு பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. எங்கள் அலுவலகம் ‘பணி திருப்திகரம்’ என்று இரண்டு சொல் எழுதி அனுப்பினால் அவர் பெயரும் அதில் ஏறிவிடும். அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் அவர் தினமும் பத்து மணிக்கு முன்பே இருக்கையில் இருந்தார்.

அவருக்கு இன்னொரு கை வேலையும் தெரியும். வாழ்த்து அட்டை செய்வார். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது, அவர்கள் சபையில் எல்லாருக்கும் கொடுக்க, மதிய இடைவேளையில் தட்டச்சு மேஜையின் ஓரத்தில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்துவிடுவார். படத்தை மெல்லிய தாளில் பென்சிலால் அழுத்தி வரைந்து, பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை அழிரப்பர்மேல் அந்தத் தாளைக் கவிழ்த்து, பின்பக்கம் நகத்தால் தேய்ப்பார். படம் தலைகீழாக ரப்பரில் ஏறிவிடும். பிறகு அரை பிளேடால் வேண்டாததைச் செதுக்கி எறிவார். பெரிய படமென்றால் பழைய ஹவாய் செருப்பின் அடி. இலைக்கு ஒரு முத்திரை, இலையின் நரம்புக்கு இன்னொன்று, பச்சைமேல் கரும்பச்சை. மடிக்கும் இடத்தில், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுப்பார். அப்படி இழுத்தால் தடித்த அட்டை விரிசல் விடாமல் மடியும். சாடின் ரிப்பனின் நுனியைச் சாய்வாக வெட்டி, நூல் பிரியாமலிருக்க மெழுகுவர்த்தியில் ஒரு கணம் காட்டுவார்.

“இன்னா டீச்சர், ஆபீஸ்ல ட்ராயிங் கிளாஸ் நடக்குது போல கீது,” என்பார் எங்கள் அட்டெண்டர்.

“உங்களுக்கும் ஒண்ணு உண்டுண்ணா. மீசை வெச்ச தேவதையா போட்டுத் தரேன்.”

“மீசைய விட்டுட்டு தொப்பைய போட்ராத.”

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், எனக்காகவும் அவர் செய்தார். சேலையூரில் நான் வீடு கட்டி முடித்திருந்தேன். கிரகப்பிரவேசத்துக்கு அச்சடித்த பத்திரிகையோடு, முக்கியமானவர்களுக்கு மட்டும் தனியாக ஏதாவது கொடுக்க வேண்டும் என்று ஆசை. கேட்டேன். அறுபது அட்டை செய்தார். இரண்டு கதவு போல நடுவில் திறக்கும் அட்டை. கதவில் மாவிலைத் தோரணம். மஞ்சள் ரிப்பன் முடிச்சை அவிழ்த்தால் உள்ளே குத்துவிளக்கு, அதன்கீழ் ‘நல்வரவு’. அட்டையும் ரிப்பனும் நான் பாரிமுனையில் வாங்கிக்கொடுத்தேன். கூலி வாங்கினால் அரசு ஊழியர் தனித்தொழில் செய்த குற்றம் அவர்மேல் வரும் என்று விதி எண்ணோடு எடுத்துச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “உங்ககிட்ட யார் சார் காசு கேட்டா,” என்றார். மூன்று வாரம் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். ‘நல்வரவு’ அவருக்கு ஒழுங்காகவே வரவில்லை. கையால் வெட்டிய எழுத்து அப்படித்தான் சார் வரும் என்றார். ‘ல்’ கொஞ்சம் குண்டு, ‘வ’ கொஞ்சம் சாய்வு. அதுதான் அழகு என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நன்றி, நன்றி என்று நான் வாங்கிக்கொண்டேன். எங்கள் அதிகாரி ஒன்றைத் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

சில மாதம் கழித்து ஒரு தனியார் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. ஒரு மாணவர் கொடுத்த சான்றிதழின் நகலை இணைத்து, இதிலுள்ள முத்திரை உங்களுடையதுதானா என்று கேட்டிருந்தார்கள். முத்திரையில் அலுவலகத்தின் பழைய பெயர். தேதியோ பெயர் மாறி வெகுநாளுக்குப் பிந்தியது. கையெழுத்து எங்கள் யாருடையதும் இல்லை.

நகலைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் பழைய முத்திரையின் வெளிவட்டத்தில், கடிகாரத்தில் ஏழு இருக்கும் இடத்தில் ஒரு சின்ன பிளவு உண்டு. பல வருடம் அதைக் குத்தியவன் நான். அந்தப் பிளவு அந்தத் தாளில் இருந்தது. பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்தேன். முத்திரை இல்லை. யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தேடியிருந்தால் தெரிந்திருக்கும். தேடுவதற்கு முதலில் அது இருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வருடம் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் மூன்றாவது.

அதிகாரி கூப்பிட்டார்.

“பழைய சீலை ஒழிச்சாச்சா சூப்பரிண்டெண்ட்?”

“பதிவேடு இருக்கு சார்.”

பதிவேட்டை விரித்துக் காட்டினேன். அவர் என் கையெழுத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

“அப்ப யாரோ புதுசா செஞ்சிருக்காங்க,” என்றார். அவர் பார்வை மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த அட்டைக்குப் போயிற்று. “இதைப் பண்ணின அம்மா உங்க செக்‌ஷன்தானே. ரப்பர்லயா வெட்டறாங்க?”

இல்லை சார், அவருக்கு இவ்வளவு நேரான எழுத்து வராது என்று சொல்ல வேண்டிய இடம் அது. “ஆமா சார், ரப்பர்லதான்,” என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

குறிப்பு எழுதச் சொன்னார். எழுதினேன். என் குறிப்புகள் மாவட்டம் வரை பெயர் பெற்றவை. ‘முத்திரைகளைக் கையால் வெட்டும் பயிற்சியுடையவர் இவ்வலுவலகத்தில் ஒருவரே எனத் தெரிய வருகிறது.’ யாருக்குத் தெரிய வருகிறது என்று அரசுத் தமிழில் யாரும் கேட்பதில்லை. இணைப்பு ஒன்று: கிரகப்பிரவேச அட்டை. என் வீட்டில் மிஞ்சியிருந்ததைக் கொண்டுவந்து, மஞ்சள் ரிப்பன் கோப்பில் தடிப்பாக இருந்ததால் கத்தரித்துவிட்டு, ஓரத்தில் துளையிட்டுக் கட்டினேன்.

தற்காலிக ஊழியரை விலக்க விளக்கம் கேட்க வேண்டிய அவசியமில்லை. அதிகாரி நல்லவர். “ஒரு வார்த்தை கேட்டுடலாம்,” என்றார். மூன்று நாளில் விளக்கம் தரச் சொல்லி நானே குறிப்பாணை எழுதினேன். அவருடைய மேஜையில் அவரே அதைத் தட்டச்சு செய்ய முடியாதே என்பதால் வேறு பிரிவில் கொடுத்து அடிக்க வைத்தேன். அவ்வளவு நாகரிகம் எனக்கு இருந்தது.

மூன்றாம் நாள் மதியம் அவர் என் மேஜைக்கு வந்தார். கண் வீங்கியிருந்தது, ஆனாலும் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது, கணக்குக்கு விடை கண்டுபிடித்த பிள்ளையைப் போல.

“சார், நான் யோசிச்சேன். வாயால சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. அதான் செஞ்சே காட்டிட்டேன்.”

ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். அதில் ஊதா மையில் எங்கள் அலுவலகத்தின் வட்ட முத்திரை. பழைய பெயர். வட்டம் முட்டை போல நசுங்கியிருந்தது. எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. பக்கத்தில் அந்த அழிரப்பரையும் வைத்தார்.

“ராத்திரியும் காலைலயும் உக்காந்து வெட்டினேன் சார். என்னால முடிஞ்சதிலேயே நல்லா வந்தது இதான். பாருங்க, இதையும் அதையும் பக்கத்துல வெச்சா பச்சக் கொழந்தைக்குக் கூடத் தெரியும் அது என் கை இல்லன்னு. நீங்கதான் என் வேலைய கிட்ட நின்னு பாத்தவரு. என் எழுத்து என்னிக்கு சார் நேரா நின்னிருக்கு?”

“நிக்காது,” என்றேன்.

“அதான் சார். இத விளக்கத்தோட சேத்து வெக்கலாமா?”

இதைத்தான் முப்பது வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அரசு முத்திரையை ஒத்த ஒன்றை அனுமதியில்லாமல் செய்வதே தவறு. எதற்காகச் செய்தார் என்பதைப் பிறகுதான் பார்ப்பார்கள், பெரும்பாலும் பார்க்கவே மாட்டார்கள். அவருக்கு அது தெரியாது. அட்டை செய்பவருக்கு எல்லாமே செய்துகாட்டினால் தீர்ந்துவிடும். எனக்குத் தெரியும். “வேணாம்மா, இதைக் கிழிச்சுப் போடுங்க, நான் அதிகாரிகிட்ட பேசறேன்,” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? தாள் என் கையில்தான் இருந்தது. அந்த முட்டை வட்டத்தைப் பார்த்தேன். இது உள்ளே போனால் பழைய பதிவேட்டை இனி யாரும் திறக்க மாட்டார்கள் என்று தோன்றியது. தோன்றியது என்று நழுவுவானேன், நினைத்தேன்.

“சேருங்க,” என்றேன்.

“ரப்பரையும் வெக்கணுமா சார்?”

“அதையும் ஒரு கவர்ல போட்டு வெச்சிடுங்க. இணைப்பு ரெண்டுன்னு எழுதுங்க.”

“ரொம்ப தேங்க்ஸ் சார்,” என்றார்.

அதிகாரி அந்த ரப்பரை விரல்களுக்கு நடுவில் வைத்து வெகுநேரம் திருப்பிப் பார்த்தார். விளக்கத்தைப் படிக்கவில்லை. “கவர்மெண்ட் சீலை வெட்டி என்கிட்டயே குடுத்திருக்காங்களே,” என்றார், கோபம்கூட இல்லாமல். ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறார் சார் என்று நான் சொல்லியிருக்கலாம். அவர் கேட்கவில்லை, கேட்காததற்குப் பதில் சொல்லக்கூடாது என்பது என் நெடுநாள் பழக்கம். “போலீஸெல்லாம் வேணாம். குடும்பஸ்தி. நிறுத்திடுங்க,” என்றார். பெருந்தன்மைதான் என்று தலையாட்டினேன். அன்று பிற்பகலே அந்தப் பெண் வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டார். ‘திருப்திகரம்’ என்ற சொல்லை யாரும் எழுத வேண்டி வரவில்லை. கல்லூரிக்கு, முத்திரை போலி, சம்பந்தப்பட்டவர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று பதில் போயிற்று.

டைப்ரைட்டருக்கு உறை போட்டுவிட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துப் போய்வருகிறேன் என்றார். அவர் போன பிறகு அட்டெண்டர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

“அந்தம்மா போயி இத்த பண்ணுமா சார்? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் நீங்க.”

“ஆர்டர் வந்தாச்சுப்பா.”

“ஆர்டர் எழுதனது யாரு, நானா?” என்று கேட்டுவிட்டுத் தண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு போனார்.

பதவி உயர்வு வந்தது. எட்டு வருடம் ஓடியது. என் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, பம்மலில் ஒரு கடையில் கையாலேயே பத்திரிகை செய்து தருகிறார்கள், ரிப்பன் வேலை பிரமாதமாம் என்று மனைவி கேள்விப்பட்டு வந்தாள். முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றாள். ஷேர் ஆட்டோவில் இறங்கி விசாரித்துக்கொண்டே போனேன். கல்லாவில் இருந்தது அவர்தான். தலை பாதி நரைத்திருந்தது. திரும்பிவிடலாம் என்பதற்குள் பார்த்துவிட்டார்.

“சார். வாங்க, உள்ள வாங்க. உக்காருங்க.” நாற்காலியைத் துடைத்துப் போட்டார். “பொண்ணுக்கா? கிரகப்பிரவேசத்துல பாவாடை கட்டிக்கினு ஓடினு இருந்துதே, அதுக்கா கல்யாணம்?”

மாதிரிகளை எடுத்துப் பரப்பினார். குங்குமச் சிமிழ் போல வட்டமாகத் திறக்கும் அட்டை ஒன்று இருந்தது. ஊசியால் பின்பக்கம் குத்திக் குத்தி, மையே இல்லாமல் கோலம் எழுப்பிய அட்டை ஒன்று. நான் எல்லாவற்றையும் கையில் எடுத்தேன், எதையும் பார்க்கவில்லை.

“ஒண்ணு கேக்கணும் சார். தப்பா நினைக்காதீங்க,” என்றார். “அன்னிக்கு அந்தத் தாளைச் சேக்கலாமான்னு உங்களத்தான் கேட்டேன். எங்க வூட்டுக்காரர் இன்னிக்கும் சொல்லுவாரு, ரூல் புக்கையே முழுங்கின மனுசனுக்கு அது தப்புன்னு தெரியாதாங்கறாரு. நான் சண்டைக்குப் போவேன். சாருக்கு அப்ப தோணியிருக்காதுங்க, தோணியிருந்தா சொல்லாம இருக்கற ஆளு இல்ல அவருன்னு. எட்டு வருசமா இதே சண்டைதான் சார் வூட்டுல.” அவர் சிரித்தார். “உங்களுக்குத் தெரியாதுதானே சார்?”

“தோணல அம்மா அப்போ,” என்றேன்.

“அதான் பாருங்க.” பின்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “இங்க கொஞ்சம் வாங்களேன். சார் வந்திருக்காரு. அவரே சொல்றாரு கேளுங்க.”

அட்டை வெட்டிக்கொண்டிருந்த கணவர் கையைத் துணியில் துடைத்தபடி வந்து நின்றார். அவரிடமும் நான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், அவசரமில்லாமல், ஒரு தாளின் எது முன்பக்கம் எது பின்பக்கம் என்று பார்ப்பதைப் போல.

“சரி சார்,” என்றார். “டீ சாப்புட்றீங்களா?”

வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். வீட்டில் சொல்லிவிட்டு நாளைக்கு வருகிறோம் என்றேன். அந்த அம்மாள் வாசல் வரை வந்து, பெண்ணையும் கூட்டிவரச் சொன்னார். அவளுக்குப் பிடித்த நிறத்தில் ரிப்பன் எடுத்துவிடலாமாம்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, எப்படி இருந்தது என்று கேட்டாள். வேலை சுத்தமில்லை, எழுத்தெல்லாம் கோணல், வேறு கடை பார்க்கலாம் என்றேன். அவளும் நம்பினாள்.