முதலில் ஏறும் கேன்

"…ரெண்டு கேன் பாலு ஊத்துற ஊரு, இருபது கேன் ஊத்துற எங்களுக்குச் சட்டம் சொல்லுதாம்! இந்தக் கூத்தைக் கேளுங்கய்யா" என்று பெரிய ஊர்ச் சங்கத் தலைவர் முடித்ததும் கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். தனியாக உட்கார்ந்திருப்பவனுக்கு வேறு என்ன வழி?

எண்பதுகளின் தொடக்கம். சுற்றுவட்டாரப் பால் சங்கங்கள் சேர்ந்து பெரம்பலூரில் ஓர் ஒன்றியம் வைத்திருந்தோம். பெரிய ஊர்த் தலைவர்தான் அதற்கும் தலைவர். இருந்ததிலேயே சின்ன ஊர் எங்களுடையது. அதன் செயலாளர் நான். ஐந்து கேனுக்குக் குறைந்த ஊருக்கு இனி வண்டி போகாது என்று அன்றைக்கு விதி வரவிருந்தது. குரும்பலூர் தாண்டி உள்ளே கிடக்கும் எங்களுக்கு வண்டி நின்றால் சங்கமும் நின்றது. ஒற்றை எருமையை நம்பி அடுப்பெரியும் வீடுகள் எங்களுடையவை.

"நீங்க பேசுங்கண்ணே, நாங்க பின்னாடியே இருக்கோம்" என்று முந்தின வாரம் சொன்ன இரண்டு சின்ன ஊர்க்காரர்களும் பின்னாடிதான் இருந்தார்கள். கடைசி பெஞ்சில், சுவரைப் பார்த்தபடி.

வண்டி எங்கள் ஊருக்குள் போய்வருவதால்தான் தங்கள் பால் திரிகிறது என்பது, டவுனுக்கும் எங்களுக்கும் நடுவில் இருக்கும் பெரிய ஊரின் வாதம். அது பொய்யுமில்லை. ஆனால் கோயிலில் முதல் மரியாதை கேட்பதுபோல, தங்கள் கேன்தான் முதலில் ஏற வேண்டும் என்பதும் அவர்கள் வைத்த வழக்கம்தான். ஏறிய கேன்கள் எங்கள் மண்ரோடெல்லாம் குலுங்கிவிட்டு, வெயில் வந்த பிறகு டவுனுக்குத் திரும்பும்.

கூட்டத்துக்கு முன்பு, சித்திரை முழுக்க விடியற்காலையில் அந்த வண்டியின் பின்னால், கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து போனேன். எது எங்கே ஏறுகிறது, எது திரிகிறது என்று நோட்டில் எழுதினேன். பேச்சுத்துணை டிரைவர் ஒருவர்தான். "மூடியத் தொறந்தாப் போதும்ணே, பாலு எல்லாத்தையும் ஒளறிரும்" என்பார்.

கூட்டத்தில் எழுந்து நின்றேன். "தலைவரே, வண்டி காலியா நேரா எங்க ஊருக்கு வரட்டும். நாங்க முன்னாடியே எந்திரிச்சுக் கறந்துக்கிறோம். திரும்புறப்ப ஒங்க கேனை ஏத்திக்கட்டும். கொஞ்ச நேரம்தான் வண்டியில இருக்கும், திரியாது."

"அப்ப நாங்க கடைசியா ஏத்தணுமாக்கும்?"

"கடைசியா ஏறுறதுதானுங்களே மொதல்ல எறங்கும். டவுன்ல மொத கேன் ஒங்க ஊருதுங்க."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தலைவர் நோட்டை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து விதித் தாளில் ஐந்து கேன் என்ற வரியை அடித்தார். தொலைவில் உள்ள ஊரிலிருந்து வண்டி ஏற்றிவர வேண்டும் என்று கீழே தன் கையாலேயே எழுதினார். என் நோட்டை எனக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியில் வைத்துவிட்டு, கடைசி பெஞ்சுக்காரர்கள் உட்பட ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, என்னைத் தவிர எல்லாரையும் அழைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனார்.